பாடன்-பாடனில் முதலில் வந்தது வெந்நீர்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இலங்கையின் கிழக்கு மாகாணச் சுற்றுலாத்துறையின் எதிர்காலம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பாசிக்குடாக் கடற்கரைக்கு வரும் வெளிநாட்டவர் இரண்டு நாட்களில் மூட்டை கட்டிவிடுவதற்கு இரவில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமையே காரணம் என்றும், ஜேர்மனியின் பாடன்-பாடன் நகரில் இருப்பதுபோல கசினோ என்னும் சூதாட்ட மண்டபம் ஒன்று அமைந்தால் அயற்கிராமங்களும் சேர்ந்து செழிக்கும் என்றும் கட்டுரையாளர் வாதிட்டிருந்தார். கசினோ வேண்டுமா வேண்டாமா என்பதில் அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கும். ஆனால் பாடன்-பாடனைச் சாட்சிக்கு அழைப்பவர் அதன் சாட்சியத்தை இடையில் நிறுத்தாமல் இறுதிவரை கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். நெடுங்காலம் பாடசாலையில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையிலும், ஜேர்மனியில் குடியேறிய மகளிடம் சென்றிருந்தபோது அந்நகரைச் சுற்றிப் பார்த்தவன் என்ற முறையிலும், கட்டுரையில் விடுபட்ட சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

முதலாவது, அந்த நகரைக் கசினோ உருவாக்கவில்லை. கறுப்புக் காடு என்னும் மலைக்காட்டுப் பகுதியின் மேற்கு ஓரத்தில், 68 பாகை செல்சியஸ் வரை சூடான உப்புநீர் நிலத்தடியிலிருந்து பொங்குகின்ற இடம் அது. அந்த நீருக்காகவே உரோமர் அங்கு குளியலகங்களைக் கட்டினர். அவற்றின் இடிபாடுகள் இன்றும் நகரின் அடியில் கிடக்கின்றன. 1689 இல் பிரெஞ்சுப் படைகள் ஊரை எரித்துச் சாம்பலாக்கின. 1705 இல் ஆட்சியாளரே தமது அரண்மனையை அருகிலுள்ள ராஸ்டாட்டுக்கு மாற்றிக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அது மறக்கப்பட்ட ஊராகவே கிடந்தது. 1797 முதல் 1799 வரை ராஸ்டாட்டில் நடந்த சமாதான மாநாட்டுக்கு வந்த இராஜதந்திரிகள் ஓய்வு நேரத்தில் இந்த வெந்நீரைத் தேடி வந்தபோதுதான் அதன் பெயர் மீண்டும் ஐரோப்பாவெங்கும் பரவியது. காலையில் ஊற்றுநீரைக் குடிக்கவேண்டும், குளிக்கவேண்டும் என்று வைத்தியர்கள் எழுதிக்கொடுத்தார்கள். நீண்ட பிற்பகலுக்கும் இரவுக்கும் அவர்கள் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை. அந்த வெற்று நேரத்துக்குள் நுழைந்ததுதான் சூதாட்டம். கட்டடக் கலைஞர் வைன்பிரென்னர் வடிவமைத்த, இன்று குர்ஹவுஸ் என வழங்கும் வெண்தூண் மண்டபம் 1824 இல் திறக்கப்பட்டபோது அங்கு நடனக்கூடமும் உணவகமும் இருந்தன, அவற்றோடு ஆட்ட மேசைகளும் இருந்தன. ஆட்டத்தை நடத்திய குத்தகைக்காரர் அந்துவான் ஷபேர் என்ற பிரெஞ்சுக்காரர்.

பெரும் செல்வம் வந்தது அதற்குப் பிறகுதான். அதற்குக் காரணம் ஜேர்மனியில் நடந்த எதுவுமன்று. பிரான்ஸில் போடப்பட்ட ஒரு தடை. 1837 ஆம் ஆண்டின் கடைசி இரவோடு பாரிஸின் சூதாட்ட மண்டபங்கள் சட்டப்படி மூடப்பட்டன. அங்கு தொழில் நடத்திவந்த ஜாக் பெனாசே, மறு ஆண்டே பாடன்-பாடனின் குத்தகையை எடுத்தார். வாடிக்கையாளர்களும் அவர் பின்னால் வந்தனர். 1845 இல் ஊருக்குள்ளேயே புகையிரதப் பாதை வந்துவிட்டது. அயலவன் கதவை மூடினால் நம் வாசலில் கூட்டம் கூடும் என்பதே அன்றைய பாடன்-பாடனின் வியாபார இரகசியம். இலங்கைக்கு அயலிலுள்ள நாடுகளின் செல்வந்தர்களை மனதில் வைத்து இங்கு கசினோ பற்றிப் பேசுவோரும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அயலவனின் சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பது; அவன் ஒரு வரியைத் திருத்தினால் நம் கணக்கு தவறிவிடும்.

ஆயினும் கட்டுரையாளர் கவனிக்கவேண்டிய ஒரு நல்ல அம்சம் அந்தக் காலத்தில் இருந்தது. அந்நகரை ஆண்ட பாடன் அரசு குத்தகையைச் சும்மா கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் வாங்கிய குத்தகைப் பணம் குளியலகங்களுக்கும் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் செலவிடப்பட்டது. ஊற்றுநீர் அருந்துவதற்கெனக் கட்டப்பட்ட, 90 மீற்றர் நீளமான தூண் தாழ்வாரத்தைக் கொண்ட மண்டபம் 1842 இல் நிறைவேறியது. ஜாக் பெனாசேயின் மகன் எதுவார் தந்தையின் இடத்துக்கு வந்தபின், 1855 இல் பாரிஸ் நாடக அரங்க ஓவியர் ஒருவரை அழைத்து ஆட்ட அறைகளை அரண்மனை அறைகள்போல ஆக்கினார். 1858 இல் அருகிலுள்ள இஃபெட்ஸ்ஹைமில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1862 இல் நகர நாடக அரங்கு திறக்கப்பட்டது. அதன் தொடக்க விழாவில் பிரெஞ்சு இசைமேதை பெர்லியோஸின் புதிய இசை நாடகம் அரங்கேறியது. இம்மூன்றும் இன்றும் பாவனையில் உள்ளன. குத்தகைக்காரன் போனபின்பும் ஊரில் எது நிற்கும் என்பதை நிபந்தனையாக வைத்துப் பேரம் பேசத் தெரிந்த நிர்வாகம் ஒன்று அங்கு இருந்தது.

ரூலட் எனப்படும் சூதாட்டச் சுழல்தட்டின் இலாபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருதரம் கணக்குப் பார்ப்பது நல்லது. பிராங்போர்ட்டுக்கு அருகிலுள்ள பாட் ஹொம்பேர்க் என்ற சிற்றூர் அக்காலத்தில் கடனில் மூழ்கிய ஒரு சிறு ஆட்சியாளரின் தலைநகர். 1841 இல் அங்கு சூதாட்டத்தைத் தொடங்கிய இரட்டைச் சகோதரர்களான பிரான்சுவா பிளாங்கும் லூயி பிளாங்கும், மற்றைய இடங்களின் ரூலட் தட்டுகளில் இருந்த இரண்டு பூச்சியங்களில் ஒன்றை 1843 இல் நீக்கிவிட்டார்கள். ஆட்டக்காரருக்குக் காட்டப்பட்ட சலுகை அது. ஒரு பூச்சியமுள்ள தட்டில் 37 குழிகள் இருக்கும். ஓர் இலக்கத்தில் பணம் வைத்து வென்றவருக்கு, அவர் வைத்ததையும் சேர்த்து 36 பங்கு திரும்பும். ஆகவே 37 இலக்கங்களிலும் ஒவ்வொரு ரூபா வைப்பவர் 36 ரூபாவைத்தான் எடுத்துக்கொண்டு எழுவார். நூற்றுக்கு 2.7 என்ற இந்தச் சிறு வெட்டு ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் மீண்டும் விழுவதால், தட்டில் ஏமாற்று வேலை எதுவும் செய்யாமலேயே ஆட்டமனைக்காரன் செல்வந்தன் ஆகிறான். இரண்டு பூச்சியமுள்ள தட்டில் அந்த வெட்டு 5.26 ஆகும். பிரான்சுவா பிளாங் 1863 இல் மொனாக்கோ என்ற சிறு நாட்டின் உரிமத்தை வாங்கிச் சென்று மொன்டே கார்லோ கசினோ நகரை எழுப்பினார். அந்த மொனாக்கோவின் குடிமக்களுக்கு அங்குள்ள கசினோவில் விளையாட இன்றும் அனுமதி இல்லை. கசினோவால் புகழ்பெற்ற ஒரு நாடே தன் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது என்பது நம் கட்டுரையாளருக்கு ஏதேனும் சொல்லக்கூடும்.

தோற்றவர்கள் பற்றியும் ஒரு சொல். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி 1865 இல் இன்னொரு வெந்நீர் நகரமான வீஸ்பாடனில் கையிலிருந்த பணத்தை முற்றாக இழந்தார். விடுதிக்காரர் அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தித் தேநீர் மட்டும் கொடுத்தார். சக எழுத்தாளர் துர்கனேவிடம் 100 தாலர் (அன்றைய ஜேர்மன் நாணயம்) கடன் கேட்டு 50 தாலர் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின் பாடன்-பாடனில் புது மனைவியின் காதணிகளும் மணமோதிரமும் அடகுக்குப் போயின. உலகப் புகழ்பெற்ற ஒருவர் என்பதால் இது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. நுண்கடன் தவணைக்காகத் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு திரும்பும் பெண்களை நம் கிராமங்களில் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத காலத்துக்கு வருகிறேன். 1868 இல் ஜேர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் தலைமையிலான வட ஜேர்மன் கூட்டமைப்பு, பொதுச் சூதாட்ட மண்டபங்களை 1872 ஆம் ஆண்டின் முடிவுக்குள் மூடவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. ஜேர்மனி ஒன்றாக இணைந்தபின் அந்தத் தடை பாடன்-பாடனையும் பிடித்தது. அதற்கு முன்னரே, 1870 இல் பிரான்ஸுடன் வெடித்த போரோடு பிரெஞ்சு விருந்தினர் வராமல் போயிருந்தார்கள். 1872 இல் தட்டு கடைசியாகச் சுழன்றது. அதன்பின் அறுபது ஆண்டுகள் அந்த நகரில் சட்டப்படியான ரூலட் இல்லை. கட்டுரையாளரின் வாதம் சரியானால் அந்த அறுபது ஆண்டுகளில் ஊர் பாழடைந்திருக்கவேண்டும்.

நடந்தது வேறு. தடை வரப்போவது தெரிந்ததுமே நகரமும் அரசும் வெந்நீரின் பக்கம் திரும்பின. 1869 இல் தொடங்கி 1877 இல் திறக்கப்பட்ட பிரீட்ரிக்ஸ்பாட் என்னும் குளியல் மாளிகை, இழக்கவிருந்த சூதாட்ட வருமானத்துக்குப் பதிலாகவே கட்டப்பட்டது. உரோம வெந்நீர்க் குளியலையும் அயர்லாந்தில் வளர்ந்த வெப்பக்காற்றுக் குளியலையும் இணைத்து, பதினேழு படிகளாக அங்கு ஒரு முறைமையை வகுத்தார்கள். முதலில் உடலைக் கழுவுதல், பின் 54 பாகை வெப்ப அறையில் படுத்திருத்தல், அதைவிடச் சூடான 68 பாகை அறையில் சில நிமிடங்கள், சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு உடம்பு தேய்த்தல், நீராவி, பிறகு சூடு குறைந்து குறைந்து செல்லும் குளங்கள், இறுதியில் குளிர்நீர், அதன்பின் போர்வைக்குள் ஓய்வு. ஒவ்வோர் அறையிலும் எத்தனை நிமிடம் இருக்கவேண்டும் என்பது சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறதாம். ‘இருக்கிறதாம்’ என்று எழுதுவதற்குக் காரணம், உள்ளே ஆடையின்றிச் செல்லவேண்டும் என்ற விதியை மருமகன் சொன்னதும் நான் வாசலோடு திரும்பிவிட்டேன். அருகில் 1985 இல் திறக்கப்பட்ட, நீச்சலுடையோடு செல்லக்கூடிய கரகல்லா குளியலகமே எனக்குப் போதுமாயிருந்தது. அந்த வேலைநாள் காலையிலும் அங்கு முழங்கால் வலிக்காரரும் குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் நிறைந்திருந்தார்கள். மேலே ஆவி பறக்கும் திறந்த குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று பேசிக்கொண்டிருந்த முதியோரில் ஒருவர்கூடக் கசினோவுக்கு வந்தவராகத் தெரியவில்லை.

அதே நாளில் கசினோவையும் பார்த்தேன். காலை வேளைகளில், ஆட்டம் தொடங்குமுன், கட்டணம் வாங்கிக்கொண்டு அறைகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சிவப்புப் பட்டுச் சுவர்களும் தங்கப் பூச்சும் சரவிளக்குகளும் கண்ணைப் பறித்தன என்பதை மறுக்கவில்லை. வெளிச்சம் படாத பச்சைத் துணி மேசையின் மேல், காசை இழுக்கும் நீண்ட கைப்பிடிக் கோல் ஒன்று குறுக்கே கிடந்தது. ஆட்டம் நடவாத வேளையிலும் அறைகளைக் காட்டியே வருமானம் தேடுகிறார்கள் என்பதைக் கட்டுரையாளரின் கவனத்துக்காகக் குறிக்கிறேன்.

அந்த மேசைகள் மீண்டும் எப்படித் திறந்தன? கட்டுரையில் ‘1933 இல் புத்துயிர் பெற்றது’ என்று ஓர் இனிய சொற்றொடர் இருக்கிறது. புத்துயிர் கொடுத்தவர்கள் யார் என்பதை அவர் எழுதவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஜூலை 14 இல் பொதுச் சூதாட்ட மண்டபங்களை அனுமதிக்கும் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் பாடன்-பாடனில் தட்டு மீண்டும் சுழன்றது. சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது, வெளிநாட்டவரின் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவருவது. அந்நியச் செலாவணி என்ற அதே காரணம் நம் நாட்டிலும் கசினோ பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் முதலில் எழுந்து நிற்கிறது. காரணம் ஒன்றாக இருப்பதனால் இரண்டு அரசுகளையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது, அதனை நான் செய்யவில்லை. ஆனால் பணத்தட்டுப்பாடு உள்ள அரசுக்குச் சூதாட்டம் விரைவில் அழகாகத் தெரியும் என்பதற்கு வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். போர் முற்றியபோது 1944 இல் அது மூடப்பட்டு, 1950 இல் மறுபடி திறந்தது. இன்று அதை நடத்துவது மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனம். ஜேர்மனியின் கசினோக்கள் ஆட்டத்தில் கிடைக்கும் மொத்த வருமானத்திலிருந்து 80 சதவீதம் அளவுக்கு அரசுக்குச் செலுத்திய காலம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்த விகிதத்தைக் கேட்டால் இங்கு எத்தனை முதலீட்டாளர்கள் விண்ணப்பம் எழுதுவார்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.

2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் ஐரோப்பாவின் பெரும் வெந்நீர் நகரங்கள் என ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினொரு நகரங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது பாடன்-பாடனும் அதில் ஒன்றாக இடம்பெற்றது. ஊற்றுகளும் அவற்றைச் சூழ வளர்ந்த பண்பாடுமே அந்தத் தகுதிக்கு அடிப்படை. கசினோ அப்பண்பாட்டின் ஓர் அறை. ஏறத்தாழ 55,000 பேர் வாழும் அந்த ஊரில், பழைய புகையிரத நிலையத்தின் முகப்போடு இணைத்து 1998 இல் திறக்கப்பட்ட இசை அரங்கில் 2,500 பேர் அமரலாம். அங்கு இரவு தங்கும் விருந்தினர் நாளொன்றுக்கு ஒரு சிறு தொகையை ஊருக்கெனச் செலுத்துகின்றனர். அது விடுதிக் கட்டணத்தோடு சேர்த்து அறவிடப்படுகிறது.

இனி நம் பக்கம். 2010 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கசினோ தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தபோதும், அண்மையில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோதும், உரிமத்தைக் கொடுப்பதும் வரியை அறவிடுவதும் கொழும்பின் வேலையாகவே இருந்துவருகின்றன. வரி திறைசேரிக்குச் செல்லும். பாசிக்குடாவில் ஒரு கசினோ திறந்தால் அதன் வாசலில் குப்பை அள்ளவும் வடிகால் வெட்டவும் தெருவிளக்கு மாற்றவும் கோறளைப்பற்றுப் பிரதேச சபையே போகவேண்டும். சுற்றுலாத்துறையில் பதிவுபெற்ற விடுதிகளிடமிருந்து வருமானத்தின் ஒரு சதவீதத்தை உரிமக் கட்டணமாக அறவிடும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு நெடுங்காலமாக உண்டு. அந்த ஒரு சதவீதமாவது முறையாகக் கணக்கிடப்பட்டு அறவிடப்படுகிறதா என்று கேட்பதைக் கட்டுரையாளர் தம் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். பெனாசேயிடம் பாடன் அரசு வாங்கியதைப்போல எதையாவது வாங்கவேண்டுமானால், உரிமப் பத்திரத்தில் ஊரின் பெயர் இருக்கவேண்டும். இன்றைய சட்டத்தில் அதற்கு இடமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மேலும், பாடன்-பாடனைப் பின்பற்ற விரும்பும் ஒருவர் கடற்கரையில் கசினோவைத் தேடுவானேன்? நம்மிடம் வெந்நீரே இருக்கிறதே. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் ஏறி, கரடியனாறு, புல்லுமலை கடந்து அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாவுக்குச் சென்றால், ஏறத்தாழ 55 பாகை சூட்டில் நீர் ஊறும் கிணறுகள் இருக்கின்றன. நாட்டின் மிகச் சூடான ஊற்றுகளில் ஒன்று அது. கட்டப்பட்ட சிறு கிணறுகளில் ஒன்றில் விரலை வைத்துவிட்டு இழுத்துக்கொள்ள வேண்டும், அடுத்ததில் கையை வைத்திருக்கலாம். வாளியால் மொண்டு, சற்று ஆறவிட்டு, தலையில் ஊற்றிக்கொள்ளும் முதியவர்களை அங்கு பார்க்கலாம். வாதத்துக்கு நல்லது என்று தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப்போல உரிமைப் பிணக்கில் சிக்காமல், மூவினத்தவரும் ஒரே கிணற்றடியில் வரிசையில் நிற்கும் இடம் கிழக்கில் வேறெங்கு இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆகவே கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக அறிவித்திருப்பதால், மூன்று விடயங்களை அதில் சேர்க்குமாறு தங்கள் வாயிலாக வேண்டுகிறேன். அவர் பரிந்துரைக்கும் கசினோவின் வருமானத்தில் எத்தனை சதவீதம், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சபைக்கு வரும் என்பது முதலாவது. உள்ளூர் இளைஞர்கள் அதற்குள் நுழையலாமா என்பது இரண்டாவது. ஏனெனில் கைப்பேசியிலேயே பந்தயம் பிடித்துச் சம்பளத்தைத் தொலைக்கும் பிள்ளைகள் நமக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள். மகா ஓயாக் கிணற்றடியில் பெண்கள் உடைமாற்ற முறையான அறைகளும், நீர் தேங்காத வடிகாலும், ஒவ்வொரு கிணற்றின் சூட்டையும் மும்மொழியில் எழுதிய பலகையும் வைக்க எவ்வளவு செலவாகும் என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் விடை காணக் கொழும்புக்குக் கடிதம் எழுதவேண்டியிருக்கும். மூன்றாவதற்கான மதிப்பீட்டை அவ்வூர்ப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரே தயாரித்துக் கொடுத்துவிடுவார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.